ஈஸ்வரன் வீட்டு இருமல்

கட்டிய மனைவிதான் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவளிடமே எப்படிச் சொல்வது என்று, போடியில் பஸ் ஏறியதிலிருந்து ஈஸ்வரன் யோசித்துக்கொண்டே வந்தான். போடிமெட்டு வந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தீர்ந்துவிட்டன. யோசனை தீரவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவன் அவன். கல்யாணம் முடிந்த கையோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், கிழங்குக் காட்டை ஒட்டிய கடைசி வீட்டை எஸ்டேட்டில் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்த வருஷம்தான் இருமலும் வந்தது. சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றில் கிளம்பி, லயத்துத் தகரக் கூரையெல்லாம் அதிர வெளியே வருகிற இருமல். டிஸ்பென்சரி மாத்திரையும் மிளகுக் கஷாயமும் அதை மதிக்கவே இல்லை. அதனால்தான் இன்று போடிக்கு இறங்கி, சிவசங்கரி டாக்டரைப் பார்த்தான்.

"எங்க இருந்தா இருமல் வராது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஃபேக்டரில வராது. பஸ்ல வராது. டீக்கடைல ஒக்காந்தா வரவே வராது. வீட்டுக்குள்ள போனா வந்துரும்."

"அப்ப வீட்டுல இருக்குற ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. என்னன்னு கண்டுபிடிச்சு வெளிய அனுப்புங்க. வருசக்கணக்கா இப்பிடியே விட்டா நெஞ்சு கெட்டுரும். அப்புறம் இழுப்பு நிரந்தரமா தங்கிரும்."

அதற்குள் நர்ஸ் வந்து அவசரம் என்று கூப்பிட, டாக்டர் எழுந்து போய்விட்டார்.

ஈஸ்வரன் மனதுக்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கட்டில் அப்பா காலத்தது. டி.வி. கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. இருமலோடு சேர்ந்து வந்தது என்று பார்த்தால் சித்ரா ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகத் தொடங்கினான். "தலைக்கு என்ன எண்ணெ தேய்க்கிற?"

"தேங்காயெண்ணெதான். ஏன், மணக்குதா?"

"மணக்கல. இருமுது."

சித்ரா எண்ணெயை விட்டாள். இருமல் விடவில்லை. மல்லிகைப்பூவை விட்டாள், பவுடரை விட்டாள், மஞ்சள் பூசுவதையும் விட்டாள். பரட்டைத் தலையோடு கொழுந்து கிள்ளப் போனவளைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் குருவம்மாள், "வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

அன்று சித்ரா வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். "எல்லாத்தையும் விட்டாச்சு. இனி எங்கிட்ட மிச்சம் நான் மட்டுந்தான்."

"டாக்டரும் அதத்தான் சொல்றாக" என்றான் ஈஸ்வரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சித்ரா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பையில் துணியை அமுக்கினாள். போடிக்குப் போகிற ஜீப்பில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் இருமல் நின்றிருக்க வேண்டும். இரட்டிப்பானது. மூடுபனிதான் காரணம் என்று ஈஸ்வரன் ஜன்னலையெல்லாம் அடைத்தான். ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டான். சுவரெல்லாம் வேர்த்தது. இருமல் இன்னும் கூடியது. அவள் புடவை வாசனை மிச்சம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, புடவைகளை மூட்டை கட்டி ஜீப்பில் அனுப்பினான். தலையணையை அனுப்பினான். மூட்டைகளைப் பார்த்த மாமியார் வீட்டில், கல்யாணத்தைத் தீர்த்துவிடத்தான் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைசியாகக் கல்யாணப் போட்டோ. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். போட்டோவில் இருக்கிற மனைவிகூட ஆகாதோ என்னவோ என்று, ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினான்.

பின்னால் சுவரைக் காணவில்லை. கறுப்பும் பச்சையுமாக, ஆட்டுத்தோலை ஒட்ட வைத்ததுபோல் பூசணம் பூத்துக் கிடந்தது. படம் மறைத்தது பாதிதான். மீதி கட்டிலுக்குப் பின்னால் தரை வரை இறங்கியிருந்தது.

செல்போனில் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"இதேதான்" என்றார் சிவசங்கரி. "பூசணத்தோட தூள் காத்துல கலந்து தெனமும் உள்ள போயிருக்கு. நல்ல வேளை, இன்னும் முத்தல. ஆமா, வீட்டுல வேற யாருக்கும் இருமல் இருக்கா?"

"யாரும் இல்ல டாக்டர். நீங்க சொன்னபடி வெளிய அனுப்பிட்டேன்."

"யார?"

"என் சம்சாரத்த."

டாக்டர், "மொதல்ல சுவத்தச் சரி பண்ணுங்க. அப்புறம் போயி அவங்க கால்ல விழுங்க" என்றார்.

ஈஸ்வரன் வேகத்தில் துடைப்பத்தை எடுத்துச் சுவரை வறட்டு வறட்டென்று தேய்த்தான். தூள் கிளம்பி, அன்று இருமிய இருமலில் அடுக்குப் பாத்திரங்கள் உருண்டன. பெயின்ட் அடித்தான். பூசணம் பெயின்டையும் தின்றுவிட்டு எட்டிப் பார்த்தது. மழைக்காலம் போய், பங்குனி வெயில் வந்தும் சுவர் ஈரம் காயவில்லை.

கொத்தனாரைக் கூட்டி வந்தான். அவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "மேல ஒழுக்கு இல்ல. பக்கத்துல பைப்பும் இல்ல. இந்தச் சுவரு எங்கிட்டுருந்து தண்ணி குடிக்குதுன்னு தெரியலையே."

"மலை வாகு அப்பிடி" என்றான் ஈஸ்வரன்.

பூச்சை முழுக்கக் கொத்தியெடுத்து, உள்ளும் புறமும் தண்ணீர் இறங்காத சிமென்ட் பூசினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தான். இருமல் குறைந்து, தேய்ந்து, ஒருநாள் காணாமலே போனது.

போடிக்கு ஓடினான். சித்ரா உடனே கிளம்பிவிடவில்லை. தலை நிறைய எண்ணெய் தேய்த்து, மல்லிகைப்பூ வைத்து, பவுடர் பூசி, மஞ்சள் முகத்தோடு அவன் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

"இழுங்க" என்றாள்.

ஈஸ்வரன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். இருமல் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை. சித்ராவுக்குக் கண் கலங்கியது. அடுத்த ஜீப்பிலேயே புடவை மூட்டையோடு ஊர் திரும்பினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் லயத்துக்கே பாயசம் வைத்தான். எல்லோரும் வந்தார்கள். ஆனால் துட்டி கேட்கப் போன இழவு வீட்டில் காபி குடிக்கிறதுபோல் குடித்தார்கள்.

"சுத்தமா நின்னு போச்சா?" என்று கருத்தப்பாண்டி கேட்டார். குருவம்மாளின் வீட்டுக்காரர்.

"சுத்தமா நின்னு போச்சுண்ணே."

"ஒண்ணு ரெண்டுகூட வராதா?"

"வரவே வராது."

கருத்தப்பாண்டி தலையில் கை வைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

குருவம்மாள்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ நல்லாயிட்டதுல எங்களுக்கும் சந்தோசந்தான் தம்பி, ஆனா ஒன் இருமலுக்குப் பயந்துதான் காட்டுப்பன்னி நம்ம கெழங்குக் காட்டுப் பக்கமே வராம இருந்துச்சு, சுவரு நனைஞ்சா ஒனக்கு இருமல் கூடுதுன்னு தெரிஞ்சுதான இத்தன வருசமா லயமே மொற வச்சு ஒஞ்சுவத்துல தண்ணி ஊத்துனோம்."