படாளம் பேனரை வியாழக்கிழமைக்குள் இறக்கவும்

மதிப்பிற்குரிய ஜெபகுமார் மாமாவுக்கு, புதுப்பட்டினத்திலிருந்து உங்கள் அக்கா மகள் ரூத் எழுதுவது. அத்தைக்கும் ஹேமந்துக்கும் ஸ்தோத்திரம். நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், எழுதியாயிற்று. போனில் பேசினால் பாதியிலேயே "அல்லேலூயா" சொல்லி வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

மாமா, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் தராது. சுற்றியிருப்பவை நகரும் விதத்தை வைத்துத்தான் அது இருப்பதே தெரியும். விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் கிடக்கும் கொத்துகளில் அது நிறைய இருக்கிறது. அங்கே அதன் துகள்கள் மோதி அழிந்தால் காமா கதிர் வரலாம் என்று ஒரு கணக்கு. அந்தக் கதிரைத்தான் நாலு வருஷமாகச் செயற்கைக்கோள் தரவில் தேடினேன். நவம்பரில் ஒரு கொத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. வாய் சும்மா இருக்காமல் உங்களிடம் சொன்னேன். பத்தே நாளில் அது பின்னால் இருக்கும் வேறொரு மண்டலத்தின் கதிர் என்று தெரிந்துபோனது. "ஒன்றும் கிடைக்கவில்லை மாமா, அதுதான் என் ஆய்வின் முடிவு" என்றேன். "அத்த நீ கண்டுபுட்சிட்ட கண்ணு, அடக்கமா பேசுற" என்றீர்கள். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னீர்கள். அதோடு விட்டீர்களா? ஜி.எஸ்.டி. ரோட்டில் இருபதடி பேனர்! என் ஹால்டிக்கெட் போட்டோ, பக்கத்தில் ராக்கெட், அதைவிடப் பெரிதாகக் கூலிங்கிளாஸில் நீங்கள். "அகிலத்தின் இருண்ட பொருளைக் கண்டுபிடித்த எங்கள் ரூத்! இவண்: படாளம் காலனி மக்கள்."

மதுராந்தகத்துக்குக் கல்யாணத்துக்குப் போன நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர் பக்தவத்சலம் பஸ்ஸிலிருந்து அதைப் படித்திருக்கிறார். வந்ததும் மாடிப்படியில் நின்று, "இன்னாம்மா, படாளத்தாண்ட உன் போட்டோ அம்மாம் பெருசா கீது? உங்கூரு காலனியா? சொல்லவே இல்லியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் கிறிஸ்துமஸ் கேக் வைத்துக் கொடுத்த டப்பாவை அன்று சாயங்காலமே அவர் மனைவி திருப்பிக் கொடுத்தார். எப்போதும் நாலு முறுக்காவது போட்டுத் தருவார், வெறும் டப்பா தரக்கூடாதாம். இந்த முறை வெறும் டப்பா. மறுநாள் பக்தவத்சலம் வந்து, "பையன் குடும்பத்தோட வந்துகினு கீறான்மா, வூடு வேணும், தப்பா நெனச்சிக்காத" என்றார். அந்தப் பையன் நிதின் மெல்போர்னில் வீடு வாங்கிவிட்டான், இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டான் என்று போன மாதம் எனக்கு மைசூர்பாகு கொடுத்தவர் அவர்தான். யாரும் சாதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை மாமா. எல்லாம் நகர்ந்தது, அவ்வளவுதான். நாலு வருஷம் செயற்கைக்கோளை வைத்துத் தேடினேன். இதற்கு ஒரு டப்பாவே போதுமாயிருந்தது.

மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எழுதி முடிக்க ஒரு அறை வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் பார்வதம் என்ற அம்மா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மகளைப் பார்க்க மதுராந்தகம் போகிறவர்; உங்கள் பேனரைத் தாண்டித்தான் பஸ் போகும். ஆகவே வியாழக்கிழமைக்குள் அதை இறக்கிவிடுங்கள். மடித்து ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாகப் போடுங்கள், ஆடாவது என்னை விஞ்ஞானி என்று நம்பட்டும்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன், கோபத்தோடுதான்.

அன்புள்ள,
ரூத்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பார்வதம் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊர் கேட்டார். படாளம் என்றேன். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் காலனி என்றும் நானே சொல்லிவிட்டேன். "யோசிச்சி சொல்றேம்மா" என்றார். எனவே பேனரை இறக்க வேண்டாம். "கண்டுபிடித்த" என்பதன் மேல் "தேடிய" என்று மட்டும் ஒட்டுங்கள், பொய் வேண்டாம். காலனி என்ற எழுத்து சின்னதாக இருக்கிறது. பெரிதாக்குங்கள், பஸ்ஸில் உட்கார்ந்தே படிக்கட்டும்.