குறைப்புப் பிரிவின் சாதனை

நல்ல பொருளைச் செய்ய ஒரு பொறியாளர் போதும். அதையே அளவோடு கெடுப்பதற்குத்தான் ஒரு மேதை வேண்டும். மனித நாகரிகம் இந்த இரண்டாவது வகை ஆட்களின் தோளில்தான் நிற்கிறது என்பதை வரலாறு இன்னும் எழுதவில்லை. எழுதும்போது எனக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவார்கள் என்று நம்புகிறேன்.

நான் ஒரு கைப்பேசி நிறுவனத்தில் குறைப்புப் பிரிவின் தலைவராக இருக்கிறேன். வெளியே சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. என் மாமனார் அதை ஆட்குறைப்பு என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் என்னிடம் பயம் கலந்த மரியாதையோடு இருந்தார். அது வேறு பிரிவு. எங்கள் நிறுவனம் ஒவ்வொரு போனையும் இரண்டு பதிப்புகளாக வெளியிடும். வசதி உள்ளவர்களுக்குச் ‘சிகரம்’. மற்றவர்களுக்குச் ‘சிக்கனம்’. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே இயந்திரத்தில் பிறப்பவைதான். பிறந்த பிறகு சிக்கனம் மட்டும் எங்கள் பிரிவுக்கு வரும். நாங்கள் அதன் வண்ணத்தைச் சற்று வெளிறச் செய்வோம். படம் எடுத்தால் முகத்தில் ஒரு கலக்கம் வரும்படி பார்த்துக்கொள்வோம். தொட்டவுடன் திறக்காமல், திறக்கலாமா வேண்டாமா என்று அது ஒரு கணம் யோசிக்க ஏற்பாடு செய்வோம். ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர் உண்டு. கலக்க நிபுணர் வெளிநாட்டில் படித்தவர்.

இப்படிப்பட்ட நிறுவனத்தில்தான் இந்த ஆண்டு அந்த விபரீதம் நடந்தது. ‘தரக் குறைப்பில் தரம்’ என்ற பயிற்சி முகாமுக்கு எங்கள் பிரிவு மொத்தமும் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, பொறியாளர் அம்மா ஒருவர் புதிய சிக்கனத்தை ஒரு குறையும் செய்யாமல் அப்படியே கடைகளுக்கு அனுப்பிவிட்டார். கேட்டால், ‘எல்லாம் சரியா இருந்துச்சு சார், அதான் அனுப்பிட்டேன்’ என்கிறார்.

இது எனக்குத் தெரியவந்ததே என் தங்கையால்தான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வருவது எப்போதாவதுதான். பழைய போன் உயிரை விட்டுவிட்டதால் புதிது வாங்கத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நானும் பெருமையாகப் போனேன்.

கடையில் சிகரத்துக்குக் கண்ணாடிப் பேழை, மேலிருந்து தனி விளக்கு, கீழே வெல்வெட் மெத்தை. சிக்கனம், குடை மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தது. கோட் போட்ட விற்பனையாளர் என் தங்கையைப் பேழைப் பக்கமே நகர்த்திக்கொண்டு போனார்.

“இது சிகரம் மேடம். கையில எடுத்தாலே உங்களுக்கே உங்க மேல ஒரு மரியாதை வரும்.”

“மரியாதை இருக்கட்டும். பேசினா கேக்குமா?”

“பேசறதா?” இப்படி ஒரு கேள்வியை அவர் பயிற்சியில் சந்தித்ததில்லை போலிருக்கிறது. “மேடம், இதுல நிலாவையே கிட்டத்துல படம் எடுக்கலாம்.”

“நிலாவுல எனக்கு யாரும் இல்லைங்க.”

அவள் இரண்டு போன்களையும் எடுத்து, என்னைக் கடைக்கு வெளியே நிற்கவைத்து, மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து கேட்டாள்: “அண்ணா, ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு? அப்புறம் என்ன வித்தியாசம்?”

“விலை” என்றேன். அதற்கு மேல் சொல்வது நிறுவன ரகசியத்தை வெளியிட்ட குற்றமாகும்.

சிக்கனத்தை வாங்கிக்கொண்டாள். வேனில் ஏறும் முன் விஷயத்தைச் சொன்னாள். “பித்தப்பையில கல்லு அண்ணா. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இடம் காலியானா திடீர்னு கூப்பிடுவாங்களாம். கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணுமாம். அவர் எந்தக் கடல்ல இருக்காரோ தெரியல. உனக்குத்தான் போன் பண்ணுவேன். வந்துடுவேல்ல? எனக்கு ரொம்ப பயமா இருக்கு.”

“இது ஒரு கேள்வியா? நீ போன் மட்டும் பண்ணு, ஓடி வந்துடறேன்” என்றேன். சொல்லும்போது என் கண் கலங்கியது. அவள் என் ஒரே தங்கை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். சிகரமும் சிக்கனமும் ஒன்றாகக் கேட்கின்றன! ஒரு வேன் ஓட்டுநரே கண்டுபிடித்துவிட்டார் என்றால் நாட்டு மக்கள் சும்மா இருப்பார்களா?

மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி வழக்கமான உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, சிக்கனத்துல சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குது?”

“ரெண்டு நாள் நிக்குது சார்.”

“சிகரத்துல?”

“அதுலயும் ரெண்டு நாள் சார்.”

“இதைச் சொல்ல உனக்கு வெக்கமா இல்ல? காசு கொடுத்து வாங்கினவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

விற்பனை மேலாளர் எழுந்தார். “சார், நேத்து எங்க வீட்டுல வேலை செய்யற அம்மாவோட போனும் என் போனும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நான் அவங்க போனை எடுத்துக்கிட்டுப் படி இறங்கிட்டேன். அவங்க பின்னாடியே ஓடி வந்து மாத்திக் கொடுத்தாங்க. என் பொண்டாட்டி பாத்துச் சிரிச்சுட்டா சார்.”

இழவு வீட்டில் போல எல்லோரும் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பொறியாளர் அம்மாவிடம் ‘மிகைத்தரம்’ என்ற பிரிவின் கீழ் விளக்கம் கேட்பது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. இதுதான் தருணம் என்று நான் தொண்டையைச் செருமினேன்.

“ஐயா, குரல்ல கை வைக்கலாம்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“சிக்கனத்துல பேசினா கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கணும். சத்தம் வரும். ஆள் பேசறது தெரியும். என்ன பேசறாங்கன்னு மட்டும் தெரியக்கூடாது.”

முதலாளி முதலில் கைதட்டினார். அதைப் பார்த்துத் தைரியம் பெற்று மற்றவர்களும் தட்டினார்கள். பொறியாளர் அம்மா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். “காதுல விழறதைக் கெடுக்கணுமா சார், வாயிலேருந்து போறதைக் கெடுக்கணுமா?”

“ரெண்டுல எது செலவு கம்மி?”

“பேசறதைக் கெடுக்கறது சுலபம் சார். ஒரு இடத்துல மாத்தினா போதும்.”

“அப்ப அதையே பண்ணு. இதெல்லாம் ஒரு கேள்வின்னு நின்னுக்கிட்டு.”

அன்று மாலையே விற்றுப்போன எல்லாச் சிக்கனங்களுக்கும் இணையம் வழியாக ஒரு மென்பொருள் திருத்தம் தானாகப் போய்ச் சேர்ந்தது. ‘வாழ்த்துகள்! உங்கள் உரையாடல் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று வாசகம் எழுதியது நான்தான். அந்த ஆண்டின் ‘சிந்தனைச் செம்மல்’ விருதும் எனக்கே அறிவிக்கப்பட்டது.

இத்தனை நெருக்கடியிலும் நான் குடும்பத்தை மறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். தங்கையிடமிருந்து வந்த ஒரு அழைப்பைக்கூட நான் எடுக்காமல் விட்டதில்லை. விருது விழா உரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு முறை கூப்பிட்டாள். “சரிம்மா, சரிம்மா” என்று அன்போடு சொன்னேன். விழாவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் கூப்பிட்டாள். “ரொம்ப சந்தோஷம்” என்றேன். மேடைக்கு ஏறும் படியில் நிற்கும்போதுகூட ஒரு அழைப்பு. வேறு யாராக இருந்தாலும் துண்டித்திருப்பார்கள். நான் எடுத்து, “பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

விழா முடிந்த மறுநாள், புகார்ப் பிரிவு மேலாளர் முதலாளியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். “சார், மோசம் போயிட்டோம். சிக்கனம் வச்சிருக்கறவனுக்கு எல்லாமே நல்லா கேக்குது. அவன் பேசறதுதான் எதிர்ல இருக்கறவனுக்குக் கேக்காது.”

“கேக்கலைன்னா நமக்கு என்ன?”

“எதிர்ல இருக்கறவன் கையில சிகரம் இருந்தா சார்?”

முதலாளியின் முகம் எந்த நிபுணர் உதவியும் இல்லாமல் வெளிறியது. காசைக் கொட்டிச் சிகரம் வாங்கியவர் காதில்தான் கிணற்றுச் சத்தம் விழும். வாங்கியவர் கொதித்து எழுவார். புகார்ப் பிரிவில் கூடுதல் நாற்காலி போட்டார்கள். மன்னிப்பு வாசகங்களை எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். முதல் புகார் வந்ததும் திருத்தத்தைத் திரும்பப் பெறுவது என்று முடிவானது. எல்லோரும் மணியோசைக்குக் காத்திருந்தோம்.

சிகரத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. சிக்கனக்காரர்கள் சிலர் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எங்கள் ஊழியர்களுக்கு விளங்கவில்லை. “சொல்லுங்க, சொல்லுங்க” என்று நாகரிகமாகக் கேட்டுவிட்டு, ‘குறை எதையும் குறிப்பிடவில்லை’ என்று பதிந்துகொண்டார்கள்.

முதலாளிக்கு இது நம்பும்படியாக இல்லை. சிகரக்காரர்களை நாமே கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. முதலில் ஒரு தொழிலதிபரைக் கேட்டேன்.

“என் டிரைவர்கிட்ட சிக்கனம்தான் இருக்கு. தினம் பேசறான். நல்லாத்தான் கேக்குது.”

“என்ன பேசுவார் சார்?”

“லீவு கேப்பான். வேற என்ன கேக்கப்போறான்? ‘பாக்கலாம்’னு சொல்லி வச்சிடுவேன்.”

அடுத்தவர் ஒரு வங்கி அதிகாரி. அவருடைய அம்மாவிடம் சிக்கனம் இருந்தது. “அம்மா குரல் கணீர்னு இருக்குங்க. ‘சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா’ன்னு சொல்லிட்டு வச்சிடுவேன். ஒரு பிரச்சனையும் இல்ல.” ஒரு கல்லூரி முதல்வர் தன் ஆசிரியர்கள் சிக்கனத்தில் சொல்லும் யோசனைகள் அத்தனையும் தெளிவாகக் கேட்பதாகவும், எல்லாவற்றையும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருப்பதாகவும் சான்று கொடுத்தார். ஒரு கணவர், மனைவியின் குரல் முன்னைவிட இனிமையாக இருப்பதாகச் சொல்லி நன்றி தெரிவித்தார்.

நூற்றுக்கு நூறு திருப்தி! முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். திருத்தத்தைத் திரும்பப் பெறத் தேவையில்லை, அடுத்த ஆண்டு இன்னும் ஆழமான கிணறாகப் போட்டுவிடலாம் என்று அறிவித்தார்.

இனிப்போடு காபி இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தேன். விளக்கக் கடிதம் எழுதி எழுதி இளைத்துப்போயிருந்த பொறியாளர் அம்மா பக்கத்தில் வந்தார்.

“சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது சிக்கனம் வச்சிருக்காங்களா?”

“என் தங்கையே வச்சிருக்கா.”

“பேசினாங்களா சார்?”

“ஓ, அடிக்கடி! குரல் பிரமாதம். ஒரு குறை சொல்ல முடியாது.”

“என்ன சார் சொன்னாங்க?”

வாயைத் திறந்தேன். என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன். நான் சொன்ன பதில்கள்தான் நினைவுக்கு வந்தன. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

அங்கேயே அவளுக்கு அழைத்தேன். எடுத்தாள். சிகரத்தைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் பேசுவதை முதல் முறையாகக் கேட்டேன். அடி ஆழத்திலிருந்து யாரோ முனகுவது போல ஒரு சத்தம். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. எங்கள் பிரிவின் வேலை அவ்வளவு சுத்தம்.

அவள் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் ஒருக்களிக்க முடியாமல் மல்லாந்து படுத்திருந்தாள். வயிற்றில் கட்டு. வேனில் வரும் ஒரு குழந்தையின் தாயார் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, “அண்ணனா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா. அவருக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி” என்று என் தங்கை எனக்காகப் பரிந்து பேசினாள். அதைக் கேட்டபோது அந்தக் கஞ்சிப் பாத்திரத்துக்குள்ளாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா? என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே அண்ணா. தேதி கொடுத்ததும் சொன்னேன். ‘சரிம்மா’ன்னு சொன்னே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப சொன்னேன். ‘ரொம்ப சந்தோஷம்’னு சொன்னே. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கடைசியா உள்ள கொண்டு போறப்ப, ‘எங்கண்ணா இருக்கே, இன்னும் காணோமே’ன்னு அழுதேன். ‘பாத்துக்கலாம்’னு வச்சிட்டே. இந்த அக்கா மட்டும் கையெழுத்துப் போட வரலைன்னா திருப்பி அனுப்பியிருப்பாங்க.”

நான் அவசர அவசரமாக நிறுவன ரகசியம் முழுவதையும் கொட்டினேன். திருத்தம், கிணறு, செலவு கம்மியான வழி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

“அப்ப கோளாறு போன்லதானா?”

“ஆமாம்மா. சத்தியமா போன்லதான்.”

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்:

“அப்ப இத்தனை வருஷமா பழைய போன்ல பேசினப்பவும் ‘சரிம்மா’, ‘பாத்துக்கலாம்’னுதானே சொன்னே, அது எதுனால அண்ணா?”

நான் கடமை தவறாத அதிகாரி. அன்றே முதலாளிக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். ‘சிக்கனம் பதிப்பின் பயனாளர் ஒருவரை நேரில் விசாரித்ததில், போனில் குறை ஏதும் இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரியவந்துள்ளது. குறை, எதிர்முனையில் சிகரம் வைத்திருந்த நபரிடமே உள்ளது. மேற்படி நபரை நமது பிரிவு பரிசோதித்தது. அவரிடம் இனிமேல் குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.’