குரூப்பைப் பூட்டிய வாத்தியார்

இனி ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது! அப்படித்தான் முடிவெடுத்தேன். எங்கள் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடு. அதன் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின், தண்ணி மோட்டார் போடும் நேரம் குறிப்பதும் நான்தான். இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார். என் வகுப்பில் ஈ பறந்தால்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் பறக்கும். அப்பேர்ப்பட்ட என்னைப் பற்றி மூணாவது மாடிப் பல் டாக்டர் குரூப்பில் எழுதுகிறார்: "தண்ணி மோட்டாரை எப்பப் போடணும்னு வாத்தியாருக்கே தெரியல."

என்ன திமிர்! அந்த நிமிஷமே ஆளைத் தூக்கினேன். ஏன் தூக்கினீங்க என்று கேட்ட தையற்காரம்மாவையும் தூக்கினேன். அப்புறம், அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று குரூப்பையே பூட்டிவிட்டேன்.

"டாக்டர் சொன்னது நிஜம்தானே?" என்றாள் மனைவி.

"நிஜமாவே இருக்கட்டும். நாலு பேர் முன்னாடியா சொல்றது?"

"அந்த நாலு பேருக்கும்தானே தண்ணி வரல?"

"நீ யார் பக்கம்?"

"தண்ணி பக்கம்."

பத்து நாள் குரூப்பில் மூச்சுப் பேச்சில்லை. தினமும் காலையில் நான் ஒரு அறிவிப்புப் போடுவேன். எதிர்ப்பே கிடையாது. நிர்வாகம் என்றால் இதுதான் என்று மார்தட்டிக்கொண்டேன்.

பதினோராம் நாள் பள்ளியில் பரீட்சை. எட்டரைக்குள் நான் போயாக வேண்டும். வினாத்தாள் அலமாரிச் சாவி என் பையில். ஏழே முக்காலுக்குத் தலை முதல் கால் வரை சோப்பு. குழாயைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வந்தது, அவ்வளவுதான்.

"அடியே, தண்ணி வரல!"

கதவுக்கு வெளியே அவள் குரல் நிதானமாக வந்தது. "வராது. தொட்டி கழுவறாங்க. சாயங்காலம்தான்."

"என் குரூப்ல யாருமே சொல்லலையே!"

"உங்க குரூப்ல யாரால எழுத முடியும்? எங்க குரூப்ல நேத்தே போட்டாச்சு."

"எங்க குரூப்பா?"

"நாப்பத்திரண்டு வீடும் இருக்கு. நம்ம வீட்டுக்கு நான் இருக்கேன்."

பச்சைத் துரோகம்! கண் எரிந்தது, வயிறு அதைவிட எரிந்தது. "அதுக்கு எவன் அட்மின்?"

"நான்தான். ஒரே சட்டம். வேலையைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு வாளி பிடிச்சு வச்சிருக்கேன். தூக்கின ரெண்டு பேரையும் திரும்பச் சேர்த்து, பூட்டைத் திறக்கறேன்னு சொல்லுங்க, ஒண்ணு உள்ளே வரும்."

"அநியாயம்!"

"மணி ஏழு ஐம்பது."

"சேர்க்கறேன்! திறக்கறேன்! குடும்மா தாயே!"

வாளி வந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சொன்னபடி செய்தேன். என்னையும் அவள் குரூப்பில் சேர்த்திருந்தாள். விடுவேனா? 'சொத்தைப் பல்லையே ஒழுங்காப் பிடுங்கத் தெரியாத டாக்டருக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?' என்று ஒரு போடு போட்டேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அட்மின் அதை நீக்கிவிட்டாள். அடியில் ஓர் உத்தரவு: "வாத்தியார் ஒரு வாரத்துக்குப் படிக்கலாம், எழுதக் கூடாது."