டிரம்ஸில் ஒரு கெட்டிமேளம்

டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவனால் ஊருக்கு ஆபத்தில்லை. வாசிப்பதை வீடியோவில் பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போனவன்தான் ஆபத்து. நான் இரண்டாம் ரகம்.

ராக் டிரம்மர்கள் பூட்டிய கதவை உடைப்பதுபோல வெளுப்பார்கள், அதுவும் பிடிக்கும். ஆனால் என்னைக் கிறங்கடிப்பவர்கள் ஜாஸ் ஆட்கள். கைகால் நான்கும் நான்கு ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும். முகம் மட்டும் டீ குடித்துக்கொண்டிருக்கும். அந்த முகத்தைக் கண்ணாடி முன்னால் நன்றாகப் பழகியிருந்தேன். (கைகால் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.)

மச்சினன் மகள் கல்யாணம், கம்பத்தில். ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல்தான் தாலி என்பதில் மச்சினன் கறார். ஆனால் எட்டே முக்காலுக்கே தாலித்தட்டு மண்டபத்தைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. சனம் கைநிறைய அட்சதையோடு காத்திருந்தது. தவில்காரர் காபி குடிக்கப் போயிருந்தார். மேடை ஓரத்தில், முந்தின நாள் வரவேற்புக் கச்சேரியின் டிரம்ஸ் செட் கேட்பாரற்று நின்றது.

சும்மா உட்கார்ந்துதான் பார்த்தேன். குச்சிகள் தாமாகவே கைக்கு வந்தன. மெதுவாக ஓர் உருட்டல். அது வளர்ந்தது. கண்ணை மூடி, பழகிய முகத்தை மாட்டிக்கொண்டு, பொளந்து கட்டினேன்.

கெட்டிமேளம் என்று நினைத்துவிட்டது சனம். அட்சதை மழை! பதறிப்போன மாப்பிள்ளை தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டேவிட்டார்.

“ராகு காலம் இன்னும் போகலையே மச்சான்!” மச்சினன் அலறினான்.

“ஏலே, எவன்டா கொட்டுனது?” இது மாப்பிள்ளையின் அப்பா.

“பொண்ணோட மாமாதான் கொட்டுனாக!” மண்டபமே கைகாட்டியது. தூக்கிய குச்சியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐயர் நிதானமாகக் கடிகாரம் பார்த்தார். “ஒரு முடிச்சுதானே விழுந்திருக்கு? மீதி ரெண்டையும் ஒன்பதுக்கு மேல போடுங்க. மூணும் விழுந்தாத்தான் கல்யாணம்.”

அந்த இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. பாவம், கயிற்றைப் பிடித்தபடி அவ்வளவு நேரமும் குனிந்தே நின்றாள். “நல்லாத்தான் கொட்டுனீக அண்ணே. கொஞ்சம் தாமதமாக் கொட்டியிருந்தா என் இடுப்பு பொழச்சிருக்கும்.”

ஒன்பது மணிக்கு அசல் தவில் முழங்கியது. அட்சதை தீர்ந்துபோனதால் சனம் தரையில் கிடந்ததைப் பொறுக்கித் தூவியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டமும் சண்டையும் சமாதானமுமாக நன்றாகவே இருக்கிறார்கள். தண்டனை எனக்குத்தான். எந்தக் கல்யாணமானாலும் முகூர்த்தம் நெருங்கும்போது, “ஏங்க, இதைச் செத்த பிடிங்க” என்று என் மனைவி வந்துவிடுவாள். தேனியிலிருந்து கம்பம்வரை எங்கள் உறவில் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள். தாலி கட்டும் படத்தில் எல்லாரும் அட்சதை தூவிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் கைக்கொரு தேங்காயோடு நிற்பார்.