கொசு அக்கா ஊதாமல் எடுத்த ரத்தம்

புதுப்பட்டினத்தில் அரைக்கைச் சட்டை ஒழிந்ததற்கு ஒரே ஒருவர்தான் காரணம். கடலோர ஊர், புழுங்கித் தள்ளும். ஆனாலும் அந்த ஆறு மாதம் எங்கள் தெருவின் முப்பத்தொரு வீட்டு ஆண்களும் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கொசு அக்கா ரத்தம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெரு அதைக் கேட்கவில்லை. அவருக்கு வயது நாற்பத்திரண்டு, எனக்கு எழுபத்தொன்று. எனக்கும் அவர் அக்காதான். இருபது வருடம் மார்க்கெட்டில் மீன் சுத்தம் செய்து கொடுத்தவர், ஒரு நாள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் செங்கல்பட்டில் ரத்த மாதிரி எடுக்கும் பயிற்சியில் சேர்ந்தார்.

"பன்னெண்டாவது பாஸ் சார் நானு. எம்மாம் நாளு செதிலையே பாத்துகினு இருக்கிறது?" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் எங்கள் ஊர் லேபில் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து அவர் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்துத்தான் பேசுவார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கக் கையை நீட்டினால் போதும்.

"இன்னா நரம்பு அண்ணாத்த! ஈ.சி.ஆர். ரோடு மாதிரி நேரா போவுது!"

கண்டக்டர் டிக்கெட்டைப் போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினார்.

என் கையைப் பார்த்தபோது மட்டும் முகம் சுளித்தார். "உங்களுது மார்க்கெட் பின்னால கீற சந்து சார். உள்ள போனா வெளிய வரத் தெரியாது."

எனக்குச் சர்க்கரை. அதுவரை என்னை ரத்தத்துக்காக நூற்றுப் பன்னிரண்டு முறை குத்தியிருந்தார்கள். அதில் இருபத்தாறு வீண். டைரியில் இருக்கிறது. அக்கா, லேப்காரர் பக்கத்தில் நிற்க, கண்ணை மூடிக்கொண்டு, மீனில் முள் தேடுவது போல என் கையை விரல் நுனியால் தேடுவார். பிறகு ஒரே குத்து. எட்டு முறை எடுத்தார். எட்டும் முதல் குத்திலேயே கிடைத்தது.

ஒரே ஒரு குறை. ஸ்பிரிட் தடவிய இடம் தானாகக் காயும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அக்காவால் முடியாது. எரியுமே என்று ஊதிவிடுவார், விழுந்த குழந்தையின் முட்டியில் ஊதுவது போல. செங்கல்பட்டில் செய்முறைத் தேர்விலும் ஊதினார். தேர்வாளர் பேனாவை மூடினார்.

"ஊதக் கூடாதும்மா. வாயில இருக்கிற கிருமியெல்லாம் அங்க போய் உட்காரும்."

"என் வாயிலயா? ரெண்டு வேள பல்லு தேய்க்கிறேன் சார்!"

ஃபெயில்.

இன்னும் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதுவும் போனால் மறுபடி மீன் கத்தி. மூன்று நாள் அவர் தெருவில் யார் கையையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் என்னவோ போலாகிவிட்டது. இரண்டு பேர் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வேண்டுமென்றே நடந்து பார்த்தார்கள்.

நான்காம் நாள் லேபுக்கு வந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. "பல் வலியாம்மா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார். வாய் நிறையத் தண்ணீர். தண்ணீரை வைத்துக்கொண்டு ஊத முடியாதல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் குத்துமுன் நோயாளியின் பெயரைக் கேட்டாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கேட்டார். என் சட்டை நனைந்தது.

தேர்வுக்குக் கையை நீட்ட ஆளை அவரவரே கூட்டிப் போக வேண்டும். அக்காவின் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ரத்தம் என்று சொன்னாலே தரையில் உட்கார்ந்துவிடுவார். "ஆட்டோல கீற ஆயில வேணா எடுத்துக்கோ, என்ன வுட்டுடு" என்றாராம். கடைசியில் அக்கா என்னிடம் வந்தார்.

"சந்துன்னு நீதானேம்மா சொன்னே? வேற நல்ல கையா பாரு" என்றேன்.

"அந்தச் சந்துல எனுக்கு வயி தெரியும் சார். ஒண்ணும் ஆவாது, வாங்க."

செங்கல்பட்டுக்குப் பஸ் பதினேழு இடத்தில் நின்றது. பதினேழிலும் எனக்கு வியர்த்தது. மயங்கி விழுந்தால்? கை நடுங்கினால்? என்னால் அவர் ஃபெயிலானால்? அக்காவோ பக்கத்து சீட்டுப் பெண்ணின் கையை ரசித்துக்கொண்டு வந்தார்.

அதே தேர்வாளர். தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். அக்கா என் பெயரைக் கேட்டார், ரப்பர் கட்டினார், நரம்பைத் தேடினார், ஸ்பிரிட் தடவினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து. பதினைந்து. அவர் உதடு மெல்லக் குவிவது போலிருந்தது. ஐயோ, ஊதப்போகிறாரே என்ற பதற்றத்தில், பதினெட்டில், நானே என் கையில் ஊதிவிட்டேன்.

தேர்வாளர் பேனா மூடியைக் கையில் எடுத்தார்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதத்தில் என் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார்," என்றார், வேறு யாரோ பேசுவது போல. "ஊதக் கூடாது. வாயில் கிருமி இருக்கும்."

ரப்பரைத் தளர்த்தினார். புதுப் பஞ்சை எடுத்து முதலிலிருந்து துடைத்தார். சுவரைப் பார்த்தபடி முழு அரை நிமிடம் நின்றார். மறுபடி கட்டினார். ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது.

தேர்வாளர் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஊதிட்டா மறுபடி துடைக்கணும். இன்னைக்கு அதைச் செஞ்சு காட்டினது நீங்க ஒருத்தர்தாம்மா."

"மத்தவங்க யாரும் இந்த மாதிரி ஆளக் கூட்டினு வர்ல சார்."

பாஸ்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "இன்னா சார், என் பொயப்பையே கெடுக்கப் பாத்தீங்களே!" திட்டிக்கொண்டே நாஸ்தா வாங்கிக் கொடுத்தார். நான்கு இட்லி. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் கையிலிருந்த பஞ்சைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அக்காவுக்குக் கருங்குழியில் ஒரு லேபில் வேலை. என் வீட்டிலிருந்து முந்நூறு அடிக்குள் மூன்று லேப்கள் இருக்கின்றன. நான் மாதம் ஒரு தடவை, விடிந்ததும் விடியாததுமாக, வெறும் வயிற்றோடு இரண்டு பஸ் மாறிக் கருங்குழி போகிறேன். அங்கேதான் ரிசல்ட் சரியாக வருகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.