நாற்பத்தேழாம் இனமாகிய குடையின் பொருட்டு நிகழ்ந்த பெரும்போர்

வாழ்க மருந்துக்கடை மன்னன்! மாத்திரை அட்டையை ஒரே வெட்டில் இரு கூறாக்கும் கரத்தினன், மருத்துவரே மறுநாள் படிக்க இயலாத மருத்துவர் கையெழுத்தை நொடியில் படிக்கும் விழியினன், உடன்பிறந்தவள் மீதே பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து ஆறாண்டு வாய்தா கண்டும் வாட்டம் காணா நெஞ்சினன், வாழ்க! அவனுக்கு எவ்விதத்திலும் இளைக்காத அவன் தங்கை, சுண்ணாம்புக்கட்டி எறிந்தால் கடைசி பெஞ்சில் உறங்குவோன் நெற்றியில் குறி தவறாது பதிக்கும் வீராங்கனை, அண்ணன் விடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு எதிர்மனு விடுத்த கணக்கு டீச்சரும் வாழ்க! சிவப்பு நாடாவில் கட்டுண்டு அலமாரிகளில் அறிதுயில் கொள்ளும் கோப்புகளே, கரையில்லாக் கடலாகிய வாய்தாவே, இப்போரைப் பாடப் புகுந்த எமக்குக் காப்பாகுக!

தந்தையார் உயில் எழுதாமல் கண்மூடினார். அன்றே பிறந்தது பகை. வழக்கு முடியும்வரை வீடு இருந்தது இருந்தபடியே இருக்கவேண்டும், ஓர் ஆணியும் அடிக்கலாகாது, ஒரு கரண்டி சிமென்டும் பூசலாகாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அண்ணனும் பணிந்தான், தங்கையும் பணிந்தாள், மழை மட்டும் பணியவில்லை. பின்னறைத் தளத்தில் விரிசல் விழுந்தது. அந்த அறையில்தான் இருவரையும் பெற்ற தாயின் கட்டில் கிடந்தது. அம்மா அதை நான்கு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தாள். நான்கு மூலையிலும் ஒழுகிற்று. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றால், எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் மற்றப் பிள்ளை அவமதிப்பு மனு போடத் தயாராக நின்றது. ஆகவே வழக்கு முடிவது ஒன்றே அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது. எவருக்கு எது போனாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஆறாம் ஆண்டில் அதிசயமாய்ச் சமரசம் மலர்ந்தது. வீட்டிலுள்ள அனைத்தையும் பட்டியலிட்டுவர நீதிமன்றம் முன்பு அனுப்பியிருந்த இளம் வக்கீல், அதாவது கமிஷனர், நாற்பத்தேழு இனங்களை எழுதிக் கொடுத்திருந்தார். மாடி அண்ணனுக்கு என்றார்கள், தங்கை தலையசைத்தாள். கீழ்வீடு தங்கைக்கு என்றார்கள், அண்ணன் தலையசைத்தான். பீரோ, கட்டில், தையல் மெஷின், காது உடைந்த அண்டா வரை நாற்பத்தாறு இனங்களும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பிரிந்தன. கையெழுத்துக்குப் பேனாவும் திறந்தாயிற்று. அப்போதுதான் குமாஸ்தா கடைசி வரியைப் படித்தார்: "இனம் நாற்பத்தேழு. குடை ஒன்று. கறுப்பு. ஒரு கம்பி முறிந்தது."

இரு திறத்துப் படைகளும் திடுக்கிட்டு நிமிர்ந்தன. அண்ணன் எழுந்தான், அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

"மாடி வேணுமா, எடுத்துக்கட்டும்! பீரோ வேணுமா, எடுத்துக்கட்டும்! எங்கப்பா கையில பிடிச்ச குடையை மட்டும் எவ கேட்டாலும் விடமாட்டேன்!"

தங்கை எழுந்தாள், ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கும் அக்குரல் கேட்டு மின்விசிறியே ஒரு சுற்று தயங்கிற்று.

"அந்தக் குடையிலதான் எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு! அண்ணனா இருந்தா என்ன, ஆண்டவனா இருந்தா என்ன? என் பிணத்து மேலதான் அதை எடுக்கணும்!"

சொல்லும்போதே இருவர் கண்ணிலும் நீர் வழிந்தது. அது பொய்க் கண்ணீர் அன்று. அதுவே இக்காவியத்தின் அவலம்.

மூண்டது போர். சமரசப் பத்திரம் மூட்டைக்குள் போயிற்று. அண்ணன் பக்கம் முடிதிருத்தும் கடைக்காரர் கூண்டேறி, அமரர் அக்குடையை இருபதாண்டுகள் தம் கடை வாசலில் விரித்து உலர்த்தியதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார். தங்கை பக்கம் குடை ரிப்பேர்க்காரர் கூண்டேறி, இரண்டாம் கம்பி தாம் மாற்றிய கம்பியே என்றும், தம் கைவேலை தமக்குத் தெரியாதா என்றும் முழங்கினார். முறிந்த கம்பி எது என்று காண வேண்டிக் குடையைக் கொணரச் செய்து, வாதியின் வக்கீல் பிடியைப் பற்ற, பிரதிவாதியின் வக்கீல் நுனியைப் பற்ற, மதங்கொண்ட களிறுகள் இரண்டு ஒரு கரும்பைப் பற்றி இழுத்தாற்போல் இருவரும் இழுக்க, நடுவில் எவர் விரலோ பொத்தானில் பட, 'படார்' என விரிந்த அக்கரிய படைக்கலம் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடியை மூன்று மேசை தாண்டி எறிந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். குடை மடங்க மறுத்தது. அன்றைய நீதி முழுவதும் விரிந்த குடையின் நிழலிலேயே நடந்தது.

கடைசிச் சாட்சியாகத் தாயை அழைத்தார்கள். இரு தரப்பும் அவளைத் தங்கள் சாட்சி என்றே நம்பின. அம்மா கூண்டின் கம்பியைப் பிடித்து ஏறினாள், குடையைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக் குடையே இல்லைங்க ஐயா. அவரு குடையே பிடிக்க மாட்டாரு. தூறல் விழுந்தா துண்டைத் தலையில போட்டுட்டு ஓடியாருவாரு. இது பட்டியல் எழுத வந்த வக்கீல் தம்பி மறந்து வச்சிட்டுப் போனது. அதோ, அந்த ஓரத்துல நிக்கிறாரே, அவருதான். சீக்கிரம் முடிச்சு விடுங்கய்யா, எனக்கு மேல ஒழுகுது."

சபையிலிருந்த அத்தனை விழிகளும் வேல்களாய்த் திரும்பி இளம் கமிஷனர் மேல் பாய்ந்தன. அவரோ, தம் குடை தம் கைப்படவே கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிட்டதை இரண்டாண்டுக்கு முன்பே அறிந்தவர். ஆம் என்றால் தம் அறிக்கையின் மற்ற நாற்பத்தாறு இனங்களும் சந்தி சிரிக்கும் என்பதையும் அறிந்தவர். கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினார். உங்களுடையதா என்று நீதிபதி கேட்டபோது, மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "சரியா ஞாபகம் இல்லைங்க ஐயா."

அப்போது நிகழ்ந்ததே இப்போரின் உச்சம். ஆறாண்டாய் நேருக்கு நேர் ஒரு சொல் பேசாத அண்ணன், நடுக்களத்தைக் கடந்து தங்கையருகே சென்றான்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சும்மா."

"ஆமாண்ணே. முன்ன மாதிரி ஞாபகம் இல்லை, பாவம்."

பிரிந்த இரத்தம் ஒன்று சேர்ந்தது! பகை பனியென விலகிற்று! வாதியும் பிரதிவாதியும் ஒரே பேனாவால், ஒரே தாளில், ஒருவர் முதுகை மற்றவர் மேசையாக்கிக் கையெழுத்திட்டு, பெற்றவளின் புத்தி தெளிவாக இல்லை, அவள் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்து மருத்துவச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று கூட்டு மனு கொடுத்தனர். பாசத்தின் இம்மாபெரும் வெற்றியைக் கண்டு முடிதிருத்துநர் கண் துடைத்தார். குடை ரிப்பேர்க்காரர் விம்மினார். மனுவை ஏற்ற மன்றம், குடைக்கு அரக்கு முத்திரையிட்டுப் பாதுகாப்பறையில் சேர்ப்பித்து, மருத்துவ அறிக்கை வரும்வரை வீடு இருந்தது இருந்தபடியே இருக்குமாறு மீண்டும் ஆணையிட்டு, எட்டுத் திக்கும் எதிரொலிக்க அடுத்த வாய்தாவை மழைக்காலம் கழிந்த பின்னொரு நாளுக்கு அறிவித்தது.

அம்மா போகிற வழியில் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டாள்.