ஆரஞ்சுக் கோட்டு

இனிமேல் இந்த வீட்டில் யாருக்கும் பயப்படப் போவதில்லை என்று நடுவர் தீர்மானித்தார். தீர்மானித்த இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் தீர்மானித்தார்.

அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. "நடுவர் வீடு எது?" என்று கேட்டால், "தையல்காரம்மா வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தையல்காரம்மா அவருடைய சம்சாரம். வார நாட்களில் நடுவருக்கு ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கேயும் வாயைத் திறப்பது மற்றவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் கிரிக்கெட் நடுவர். ஆறடி உயர ஆட்டக்காரன் கூட இவர் விரலைத் தூக்கினால் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அதே விரலுக்கு வீட்டில் உள்ள வேலை, சொன்னபோது சுவிட்சைப் போடுவதும் சொன்னபோது அணைப்பதும்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் முழுசாக அவருக்குச் சொந்தமில்லை. கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, சம்சாரத்தின் உடன்பிறந்த அண்ணன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, மச்சான் இவரைப் பஸ் டெப்போ பின்னால் நடக்கும் சின்னப் பசங்க ஆட்டத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். சீசன் முடிவில் நடக்கும் பைனலில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். நடுவருக்கு அதுதான் உயிர். இத்தனை வருஷத்தில் பைனலை அவர் பார்த்ததெல்லாம் கேலரியில் உட்கார்ந்துதான், அதுவும் டிக்கெட் எடுத்து.

இந்த நேரத்தில்தான் டைல்ஸ் கடைக்காரருக்குப் பல் வலி வந்தது.

கன்னம் வீங்கி டோக்கனுக்கு வந்தவர், இவரைப் பார்த்ததும் வலியை மறந்தார்.

"நீங்க நடுவர்தானே? சங்கத்துல என் மருமகனை டீம்ல எடுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் தனியா லீக் ஆரம்பிக்கிறேன். சம்பள ஆட்டம், கலர் சட்டை, மைக் செட்டு. நீங்கதான் தலைமை நடுவர்."

"சங்கத்துல தெரிஞ்சா ஆயுள் தடை போட்டுருவாங்களே."

"தெரிஞ்சாத்தானே?"

"என் மச்சான்தாங்க செயலாளர்."

"அப்ப உங்க வீட்டம்மாவுக்கும் தெரியக் கூடாது. உள்ள டாக்டர் ஃப்ரீயா?"

தலைமை நடுவர்! அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. லீக் நிலைத்தால் ஊரறியச் சொல்லிக்கொள்ளலாம். கவிழ்ந்தால் சத்தமில்லாமல் டெப்போவுக்குத் திரும்பிவிடலாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். குளியலறைத் தீர்மானத்தின் பின்னணி இதுதான்.

வெளியே வந்ததும் தையல் மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்மா, கொஞ்ச நாளா எனக்கு முதுகு வலி."

"எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராகி வரவில்லை. "நடுவுல" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். எங்க டாக்டர்கிட்டதான்."

"பல் டாக்டர்கிட்டயா?"

"எலும்பெல்லாம் ஒண்ணுதானே. ஞாயித்துக்கிழமை முழுக்க வெயில்ல நிக்கணுமாம். ஊருக்கு வெளியே, சுத்தமான வெயில்ல. மேட்சுக்கெல்லாம் போகக் கூடாதாம்."

மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"அப்படியா? சரி, அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். வெயில்ல நிக்கறப்ப தொப்பி போட்டுக்கங்க."

இவ்வளவு சுலபமா! இத்தனை வருஷம் வீணாகப் பயந்துவிட்டோமே என்று நடுவருக்கு வருத்தமாகக் கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து சம்சாரம் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க. ஒரு கோட்டு ஆர்டர். அளவு குடுத்த ஆளு கிட்டத்தட்ட உங்க உடம்பு."

நின்றார். பளபளக்கும் ஆரஞ்சுத் துணி. கண் கூசியது.

"இது எந்த மடையனுக்கு?" என்றார் நடுவர்.

"யாரோ. கையைத் தூக்குங்க."

தூக்கினார்.

"ஒரு விரலை மட்டும் தூக்கிப் பாருங்க. அக்குள் இழுக்குதா?"

"இழுக்கல. ஏன், அவன் விரலைத் தூக்கற வேலையா செய்யறான்?"

"இருக்கும். அசையாதீங்க, ஊசி குத்தும்."

சனிக்கிழமை டைல்ஸ் கடையில் தலைமை நடுவரின் சீருடையை அவர் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தவருக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று பிறகு ஓடியது. அதே ஆரஞ்சு. அதே அக்குள். ஆறு அணிக்கும் சட்டை தைத்தது தையல்காரம்மாதான் என்று டைல்ஸ்காரர் பெருமையாகச் சொன்னார். "அளவு எப்படி?" என்று நடுவர் ஈன சுரத்தில் கேட்டார். "அளவா? நாங்க குடுக்கலையே. தலைமை நடுவருக்கு ஒண்ணுன்னு மட்டும்தான் சொன்னோம். அந்தம்மா சரி, நான் பாத்துக்கறேன்னுட்டாங்க."

வேறு யாராவது என்றால் அங்கேயே சங்கதி விளங்கியிருக்கும். நடுவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தலைமை நடுவர் என்றால் ஒரு பெரிய மனுஷன். பெரிய மனுஷன் என்று நினைத்தால் அவளுக்கு என் ஞாபகம் எப்படி வரும்? ஆகவே அவளுக்குத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டது. பூலோகமும் இருட்டாகத்தான் தெரிந்தது.

லீக் கோலாகலமாகத் தொடங்கியது. இடி, மின்னல், புயல், சூறாவளி, வெள்ளம், ஆலங்கட்டி என்று ஆறு அணிகள். மைக்கில் பெயர்களை வாசித்தபோது வானிலை அறிக்கை என்று நினைத்துச் சிலர் குடையைத் தேடினார்கள். ஆறு அணிக்கும் சட்டை இருந்தது, ஆள்தான் இல்லை. காலையில் இடியாக ஆடியவர்களே மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு மின்னலாக ஆடினார்கள். ஆட்டக்காரர்கள், சங்கத்து நடுவர்கள் என்று வந்திருந்த எல்லோரும் ஆயுள் தடைக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் உயரே போன பந்துகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

டைல்ஸ்காரரின் மருமகன் புயல் அணித் தலைவர். மட்டையைப் பிடித்து நின்றால் நின்றதுதான். புயல் ஒரே இடத்தில் மையம் கொண்டுவிடும். ஸ்டம்பு பறந்தால் காற்று என்றார்கள். புயல் அணியாயிற்றே, காற்றடிக்காதா? மட்டையில் உரசிய பந்தைப் பின்னால் நிற்பவர் பிடித்தால், பிடித்தவர் பந்தைப் பேசாமல் பந்து போடுகிறவருக்கு எறிந்துவிடுவார். அப்பீல் கேட்கக் கூடாது என்று எல்லா அணிக்கும் உத்தரவு.

இது நடுவருக்குப் பெரிய சித்திரவதை. கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. எதிரணிக்காரன் வாய் விட்டு "ஹவ்ஸாட்!" என்று கேட்டால்தான் நடுவர் அவுட் கொடுக்கலாம். கேட்காவிட்டால் கண்ணெதிரே நடந்தாலும் கல்லாக நிற்க வேண்டியதுதான். மருமகன் முதல் ஞாயிறு ஏழெட்டுத் தடவை அவுட். இரண்டாம் ஞாயிறு எண்ணுவதை விட்டுவிட்டார். விரல் துடிக்கும். அதை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் வீடு திரும்பினால்,

"வெயில் எப்படி இருந்துச்சுங்க?"

"நல்ல வெயில்."

"முதுகு?"

"முதுகு பரவாயில்லை. விரல்தான் வலிக்குது."

"அதுக்குப் பல் டாக்டர் என்ன சொல்றார்?"

மூன்றாம் ஞாயிறு ஆலங்கட்டி அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. தண்ணீர் கேன் இறக்க வந்தவரைப் பிடித்துச் சட்டை மாட்டி ஓரமாக நிறுத்தினார்கள். உத்தரவைச் சொல்ல மறந்துவிட்டார்கள். மருமகன் மட்டையில் பட்ட பந்து நேராக அவர் நெஞ்சுக்கு வந்தது. பிடித்தார். பிடித்த ஆனந்தத்தில் மைதானமே அதிரும்படி, "ஹவ்ஸாட்!" என்று ஒரு கத்தல்.

மைக் செட்டுக்காரர் மைக்கை அணைத்தார். டைல்ஸ்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நடுவர் ஒரு விநாடி டெப்போவை நினைத்தார், மச்சானை நினைத்தார், சம்பளத்தை நினைத்தார். ஆனால் கேட்டாயிற்றே! கேட்ட பிறகு சொல்லாமல் இருந்தால் அவன் என்ன நடுவர்? விரல் தானாகவே எழுந்தது. உண்மைதான், அக்குளில் கொஞ்சம் கூட இழுக்கவில்லை.

டைல்ஸ்காரர் மைதானத்துக்குள் வந்தார்.

"கிரவுண்டு என்னுது. பந்து என்னுது. மருமகன் என் ஆளு. உம்ம விரல் யாரைக் கேட்டுய்யா தூக்குச்சு?"

"அவர் கேட்டாருங்க" என்று நடுவர் தண்ணீர் கேன்காரரைக் காட்டினார்.

டைல்ஸ்காரர் ஆறு ஸ்டம்பையும் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார். அத்தோடு லீக் முடிந்தது. இடியும் மின்னலும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயின.

அன்று நடுவர் வீட்டுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு தடவை ஆண்பிள்ளையாக நின்று ஒரு நியாயம் செய்திருக்கிறார். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாலாவது வலி. இவருக்குக் கொட்டியது சந்தோஷம், இதற்கும் கத்த முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மச்சான் வந்தார்.

"மாப்பிள்ளே, முதுகு எப்படி இருக்கு?"

"அது… இருக்கு, மச்சான்."

"என்ன நேரம் பாருய்யா. நம்ம பெரிய நடுவர்களெல்லாம் அந்த டைல்ஸ்காரன் பின்னால ஓடிட்டானுங்க. எல்லாருக்கும் ஆயுள் தடை. பைனலுக்கு ஆளே இல்லை. விசுவாசமா இருந்தது நீ ஒருத்தன்தான். உன்னைத்தான் போடறதா இருந்தேன். நீ என்னடான்னா முதுகைப் பிடிச்சுக்கிட்டே!"

நடுவர் துள்ளி எழுந்தார். "சரியாயிடுச்சு, மச்சான்! சுத்தமா சரியாயிடுச்சு!"

"சரியாயிடுச்சா?" சம்சாரம் ஒரு சட்டையின் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "எந்த வெயில்லங்க சரியாச்சு? இடத்தைச் சொன்னா அண்ணனும் போய் நிப்பாரு. அவருக்கும் மூட்டு வலி."

நடுவர் துள்ளிய வேகத்திலேயே உட்கார்ந்தார். "இல்ல… அப்பப்ப வருது."

"உடம்பைப் பாத்துக்க" என்றார் மச்சான். "ஆனா ஒண்ணு. அந்தக் கூட்டத்துலயும் ஒருத்தன் இருந்திருக்கான் பாரு! ஆரஞ்சுக் கோட்டாம். முதலாளி மருமகனுக்கே அவுட் குடுத்துட்டானாம்! அவன்தான்யா நடுவர்."

நடுவர் கண்ணில் நீர் ததும்பியது. "அவனுக்கு… பைனல் குடுக்கலாமே, மச்சான்?"

"கையில கிடைச்சா முதல்ல ஒரு மாலை போடுவேன். அப்புறம் ஆயுள் தடை போடுவேன். சட்டம் சட்டம்தான். சரி, நீதான் முடியாதுங்கறே. மூணு வாரமா டெப்போ மேட்சுல நின்னவங்கதான் பைனலுக்கும். என்னம்மா, தயார்தானே?"

"தயார்தாண்ணா" என்றாள் சம்சாரம்.

மச்சான் போன பிறகும் நடுவரின் வாய் மூடவில்லை. பல் மருத்துவமனையில் கூட இவ்வளவு நேரம் யாரும் திறந்து வைத்திருந்ததில்லை.

"நீயா? டெப்போவுலயா? நீ எப்படி?"

"நீங்க நடுவர் பரீட்சைக்குப் படிச்சப்ப ராப்பகலா கேள்வி கேட்டது யாரு? நாலு தடவை பெயிலானது நீங்க. பாடம் ஏறினது எனக்கு."

"அப்ப… அந்தக் கோட்டு?"

"இடது தோள் ஒரு விரக்கடை தாழ்ந்த உடம்பு இந்த ஊர்ல ஒண்ணுதாங்க இருக்கு. அளவு வேற எடுக்கணுமா?"

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அப்பீல் இல்லாம எப்படிங்க முடிவு சொல்றது?"

"அப்ப இப்ப கேக்கறேன். இந்த பைனல்ல நான் நிக்கட்டுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. முகத்தில் ஒரு வெட்கம் மாதிரி இருந்தது.

"முதல் வாரம் உங்க மேல ஆத்திரத்துலதான் போய் நின்னேன். அப்புறம் பிடிச்சுப் போச்சுங்க. நான் விரலைத் தூக்கினா ஒருத்தனும் ஏன்னு கேக்கல."

"இந்த வீட்டுலயும்தான் கேக்கறதில்லையே!"

"அதுக்கு இங்க யாரும் கை தட்டறதில்லையே."

நடுவருக்கு அவள் சொன்னது புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரிந்ததாலேயே வீராப்பு வந்தது. தடை வந்தால் வரட்டும். இன்றைக்கே மச்சான் வீட்டுக்குப் போய், அந்த ஆரஞ்சுக் கோட்டு நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடுவது. மாலையைப் போட்ட கையால் தடை போட யாருக்கு மனசு வரும்? பைனல் எனக்குத்தான்! விறுவிறுவென்று உள்ளே போனார். அலமாரியைத் திறந்தார். சங்கம் கொடுத்த வெள்ளைக் கோட்டு, துவைத்துத் தேய்த்து, ஹேங்கரில் தொங்கியது. நடுவராகவே போய் நிற்போம் என்று எடுத்துக் கையை நுழைத்தார். முழங்கை வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளினார். எங்கோ 'பட்' என்று ஒரு சத்தம்.

"மெதுவாக் கழட்டுங்க" என்றாள் சம்சாரம் வாசலிலிருந்து. "காலையிலதான் என் அளவுக்குப் பிடிச்சுத் தைச்சேன்."